பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டுள்ளன

அக்டோபர் 3, வியாழன்

நீண்ட யோசனைக்குப் பிறகு, இன்று காலை 10.40 மணிக்குத் தேநீரில் சீனி போடுவதை நிறுத்தினேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் எடுக்கும் முடிவுகளில் இது சிறியதல்ல. கரும்புத் தோட்டங்களின் வரலாற்றை இந்த ஆங்கிலேய நகரத்தின் மாணவர்களுக்குப் பதினோரு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அடிமைகளின் முதுகில் விளைந்த பண்டத்தை, வகுப்பு முடிந்து வந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்குவது இனிச் சரிப்படாது. சமூகவியல் துறையின் சமையலறையில் இதை அறிவித்தேன். இருவர் தலையசைத்தனர். என் இரத்தப் பரிசோதனை முடிவும் இதே வாரம் வந்தது தற்செயல்.

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம் பதினெட்டாம் தேதிக்குள் போக வேண்டும். என் பலம் ஒரே ஒரு கட்டுரை. தஞ்சம் கேட்டு வரும் கறுப்பு, பழுப்பு நிறத்தவரின் கதையில் ஒரு சிறு முரண்பாடு கிடைத்தாலும் அதிகாரிகள் முழுக் கதையையும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள் என்பது அதன் வாதம். அதற்கு ஒரு விருது கிடைத்தது. துறைத் தலைவர் ஃபியோனா விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, 'தாக்கம்' என்ற பகுதி மெலிந்திருக்கிறது என்றார். ஆய்வு, வெளியுலகில் எதையாவது மாற்றியிருக்க வேண்டுமாம். யோசித்துப் பார்த்தேன். என்னை மாற்றியிருக்கிறது. அது கணக்கில் வராது.

பச்சைக் குப்பைத்தொட்டியை வெளியே வைத்தாயிற்று.

அக்டோபர் 7, திங்கள்

சுகிர்தா என்ற வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவர். குகதாசன் என்பவரின் வழக்கைப் புதிதாக எடுத்திருக்கிறாராம்.

குகதாசனை எனக்குத் தெரியும். முல்லைத்தீவுக்காரர். கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கட்டுரைக்காக ஒரு பிற்பகல் முழுவதும் பேசினார். கட்டுரையில் அவருக்கு 'நேசன்' என்று பெயர். அந்தப் பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். நேசன் இல்லாமல் கட்டுரை இல்லை. அச்சானதும் ஒரு பிரதியில் 'நட்புடன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

அந்தப் பிரதியைத்தான் அவர் தன் தஞ்ச விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஒரு பல்கலைக்கழகமே தன் கதையை அச்சிட்டிருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அதிகாரி கட்டுரையைக் கவனமாகப் படித்திருக்கிறார். என் துறையில்கூட யாரும் அப்படிப் படித்ததில்லை. பிறகு விண்ணப்பத்தை நிராகரித்திருக்கிறார். நிராகரிப்பு உத்தரவின் முப்பத்து நான்காம் பத்தியைச் சுகிர்தா வாசித்துக் காட்டினார். விண்ணப்பத்தில் பதினோரு நாள் தடுத்து வைக்கப்பட்டதாகச் சொல்கிறார். கட்டுரையில் இருபத்து மூன்று நாள். விண்ணப்பத்தில் தனியாகப் பிடிபட்டார், கட்டுரையில் அண்ணனோடு. விண்ணப்பதாரருக்கு மூன்று சகோதரிகள்; அண்ணன் இல்லை. சூட்டுத் தழும்பு உடம்பில் வலது தோளில் இருக்கிறது. கட்டுரையில் இடது தோளில். ஆகவே நம்பத்தக்கவர் அல்லர்.

மேல்முறையீட்டு விசாரணை நவம்பர் பன்னிரண்டு. தோற்றால் இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "உங்கட கட்டுரை ஏன் வேற மாதிரி இருக்கு எண்டு ஒரு கடிதம் தந்தீங்கள் எண்டால் போதும், டொக்டர்" என்றார் சுகிர்தா.

நாட்காட்டியைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். கடிதம் எழுத நாட்காட்டி எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மழை.

அக்டோபர் 10, வியாழன்

சுகிர்தாவின் அலுவலகத்தில் குகதாசனைப் பார்த்தேன். கீழே கோழி வறுத்து விற்கும் கடை, மேலே நீதி. இளைத்திருந்தார். கட்டுரையை ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார். ஓரங்களில் பென்சிலால் சொற்களுக்குத் தமிழில் அர்த்தம் எழுதியிருந்தார். அகராதி வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்ததே இதை வைத்துத்தான் என்றார். என் முதல் பத்தியில் வரும் ஒரு சொல்லுக்கு மட்டும் அர்த்தம் எழுதாமல் கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தச் சொல்லுக்கு எனக்கும் அர்த்தம் நிச்சயமில்லை.

கோபமாக இருப்பார் என்று நினைத்துத்தான் போனேன். அதற்கான பதில்களைப் பேருந்திலேயே தயார் செய்திருந்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"சேர், நான் உங்களிட்டப் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"நீங்கள் படிச்ச ஆள். ரெக்கோடரும் வச்சிருந்தனீங்கள். நீங்கள் பிழையா எழுதியிருக்க மாட்டீங்கள். அப்ப நான்தான் மாறிச் சொல்லியிருப்பன். ஆனா எனக்கு அண்ணன் எண்டு ஆரும் இல்லையே சேர். இல்லாத அண்ணனை நான் ஏன் சொன்னனான்?"

சுகிர்தா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு பேசினேன். நினைவு என்பது ஒரு பெட்டியில் இருந்து எடுக்கும் பொருள் அல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்றேன். பெரும் வன்முறைக்கு ஆளானவர்கள் நாட்களையும் இடவலங்களையும் மாற்றிச் சொல்வது இயல்பு, உடன் இருந்தவர்களையே மாற்றிச் சொல்வதும் உண்டு என்றேன். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் அது. நன்றாக வந்தது. குகதாசன் குறிப்பெடுக்கும் மாணவனைப்போல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "அப்ப எனக்கு அப்படித்தான் நடந்திருக்கு" என்றார்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

விஷயத்தை முறையாக இங்கே பதிவு செய்கிறேன். என் கட்டுரையில் வரும் நேசன் ஒரு மனிதர் அல்லர், இருவர். குகதாசனின் கதையோடு, இப்போது கனடாவில் இருக்கும் இன்னொருவரின் கதையையும் சேர்த்தேன். அண்ணன், இருபத்து மூன்று நாள், இடது தோள் எல்லாம் அந்த இன்னொருவருடையவை. ஆளை அடையாளம் காண முடியாதபடி இப்படி இருவரை ஒருவராக்கி எழுதுவது எங்கள் துறையில் உள்ள வழக்கம்தான். பாதுகாப்புக்காகச் செய்வது. செய்தால் அதைக் கட்டுரையில் சொல்ல வேண்டும்.

என் கட்டுரையின் நான்காம் பக்கத்தில், 'வாக்குமூலங்கள் சொன்னபடியே தரப்பட்டுள்ளன; பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டுள்ளன' என்று இருக்கிறது. இதைப் பகவதியிடம் சொன்னேன். என் மனைவி மருத்துவமனையில் மருந்தாளுநர். மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அவரு நம்ம வீட்டுல வந்து சாப்பிட்ட ஆளுதானே? ரெண்டு பேரு கதையச் சேத்துப் போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கதுக்கு என்ன?"

அது அவ்வளவு எளிதல்ல என்றேன். இதழ் கட்டுரையைத் திரும்பப் பெறலாம். விருது போகலாம். பதவி உயர்வுக் குழு நவம்பர் இருபத்தொன்றில் கூடுகிறது.

"நாங்க மருந்து மாத்திக் குடுத்துட்டா அதுக்குன்னு ஒரு ஃபாரம் உண்டு. அன்னைக்கே எழுதிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துருவோம். ஒங்க வேலையில அப்படி ஒண்ணும் கெடையாதா?"

எங்கள் துறையில் பிழைகள் வேறு வகையானவை என்றேன். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக் கழுவினாள்.

வெட்கமாக இருக்கிறது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் வெட்கத்தைப் பற்றிச் சமூகவியலில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றை மேற்கோள் காட்டாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது முறையல்ல.

அக்டோபர் 17, வியாழன்

கடிதம் எழுதி அனுப்பினேன். ஏழு வரைவுகள். இறுதி வடிவத்தின் முக்கிய வாக்கியம்: 'சமூகவியல் ஆய்வுகளில், பங்கேற்பாளரின் பாதுகாப்பைக் கருதிச் சில விவரங்கள் மாற்றப்படக்கூடும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மரபு; இக்கட்டுரையும் அம்மரபுக்குள் நின்று எழுதப்பட்டதே.'

அரை மணி நேரத்தில் சுகிர்தா அழைத்தார். "டொக்டர், 'மாற்றப்படக்கூடும்' எண்டா என்ன? மாத்தினீங்களா, இல்லையா?"

ஆய்வாளனுக்கு எச்சரிக்கையான மொழி தேவை என்றேன். நீதிபதிக்குத் தேவை வேறு என்றார் அவர். விசாரணைக்கு நேரில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டார். அன்று எனக்கு வேறு பணி இருக்கிறது. உண்மையிலேயே இருக்கிறது.

அக்டோபர் 18, வெள்ளி

பதவி உயர்வு விண்ணப்பத்தை அனுப்பினேன். 'தாக்கம்' என்ற பகுதியில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: 'அண்மையில் ஒரு தஞ்சக் கோரிக்கை வழக்கில் இரு தரப்பினரும் இக்கட்டுரையை ஆதாரமாகக் காட்டியுள்ளனர்.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஃபியோனாவுக்கு மிகவும் பிடித்திருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

பல்கலைக்கழகத்தில் ஒருநாள் கருத்தரங்கு. தலைப்பு: 'அகதிகளின் குரலைக் கேட்பது எப்படி?' நான் தலைமை. அகதிகள் யாரும் வரவில்லை. நுழைவுக் கட்டணம் இருந்தது. மதிய உணவில் கத்திரிக்காய் சாண்ட்விச் நன்றாக இருந்தது.

மூன்று மணிக்கு நேரத்தைப் பார்த்தேன். விசாரணை முடிந்திருக்கும்.

நவம்பர் 13, புதன்

சுகிர்தாவே அழைத்தார். குரலில் மரியாதை குறையவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மருத்துவச் சான்று, ஊரில் பக்கத்துக் கடைக்காரரின் வாக்குமூலம் எல்லாம் நன்றாகப் போனதாம். கட்டுரையைப் பற்றி எதிர்த்தரப்பு கேட்டபோது, குகதாசன் யாரும் எதிர்பாராத ஒரு பதிலைச் சொல்லியிருக்கிறார். பேராசிரியர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், நான்தான் அன்று மாற்றிச் சொல்லியிருக்கிறேன், துன்பப்பட்டவர்களுக்கு அப்படி நடக்குமாம், அண்ணனே இல்லாதவருக்கு அண்ணன் வந்துவிடுமாம் என்று.

"இதை ஆர் அவருக்குச் சொல்லிக் குடுத்தது எண்டு எனக்குத் தெரியும், டொக்டர்" என்றார் சுகிர்தா. "நானும் அந்த அறையிலதான் இருந்தனான். அண்டைக்கே உங்களை மறிச்சிருக்கவேணும். அது என்ர பிழை."

நான் இன்னும் பேராசிரியர் அல்ல, குகதாசன் தவறாகச் சொல்லியிருக்கிறார் என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 21, வியாழன்

குழு கூடியது. இலைகளை வாரிப் பையில் கட்டினேன். நான்கு பை.

நவம்பர் 26, செவ்வாய்

பேராசிரியர் ஆனேன். ஃபியோனா அறைக்கே வந்து கை கொடுத்தார். 'தாக்கம்' பகுதியைக் குழு தனியாகப் பாராட்டியதாம். பகவதிக்கு அழைத்துச் சொன்னேன். "சரி. வரும்போ உளுந்து வாங்கிட்டு வாங்க" என்றாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

மேல்முறையீடு தள்ளுபடி. சுகிர்தா தீர்ப்பை அனுப்பியிருந்தார். இரண்டு பத்திகளுக்கு மஞ்சள் பூசியிருந்தார். ஒன்று: 'கட்டுரையாசிரியரின் கடிதம் பொதுவான ஒரு மரபைக் கூறுகிறதேயன்றி, இந்த விவரங்கள் மாற்றப்பட்டன என்று எங்கும் கூறவில்லை. கட்டுரையோ, பெயர்கள் மட்டுமே மாற்றப்பட்டதாகக் கூறுகிறது.' மற்றது: 'தாம் முன்னர் வேறு விதமாகச் சொன்னதை மேல்முறையீட்டாளர் தாமே ஒப்புக்கொண்டார்.'

தெளிவான நடை. எங்கும் பிழை காண முடியவில்லை.

டிசம்பர் 4, புதன்

அக்டோபர் பதினான்காம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படித்தேன். 'பாதுகாப்புக்காகச் செய்வது' என்று எழுதியிருக்கிறேன். இந்த நாட்குறிப்பை என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை. அப்படியிருந்தும் அப்படி எழுதியிருக்கிறேன்.

நடந்தது இது. மூன்று ஆண்டுகளுக்கு முந்திய அந்தப் பிற்பகலில் நூலகத்தின் பக்க அறையில் சந்தித்தோம். குகதாசன் இஞ்சி பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். ஒரு மணி நேரம் கடையைப் பற்றியும் தங்கைகளைப் பற்றியும் பேசினார். பிறகு அந்தப் பதினோரு நாட்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் எழுந்து போய் முகம் கழுவி வந்தார். சட்டையை இறக்கித் தோளைக் காட்டினார். எந்தத் தோள் என்று நான் பார்க்கவில்லை. அவர் சொன்னது பதிவுக் கருவியில் இருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து கேட்டபோது அந்த நாற்பது நிமிடம் இல்லை. கருவியில் இடம் தீர்ந்திருந்தது. அதற்கு முந்திய மாதம் நான் ஆற்றிய சிறப்புரை முழுவதும் அதில் இருந்தது. எப்படிப் பேசினேன் என்று கேட்பதற்காக அழிக்காமல் வைத்திருந்தேன்.

அவரிடம் மீண்டும் கேட்டிருக்கலாம். ஒருவரை மறுபடியும் அந்த நாட்களுக்குள் அனுப்புவது அறமல்ல என்று எண்ணினேன். அவர் வீட்டுக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும், இதழின் கெடு வெள்ளிக்கிழமை என்பதும் உண்டு. கனடாக்காரரின் பதிவு முழுமையாக இருந்தது. அந்த இடத்தில் அதை வைத்தேன். பொருந்தியது. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவர்களுக்கு எல்லோரும் ஒன்றுதான் என்று நான் அதிகாரிகளைப் பற்றி எழுதிய பத்தி, அதற்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

டிசம்பர் 9, திங்கள்

இரண்டாம் கடிதம் எழுதினேன். ஒரே வரைவு. ஒலிப்பதிவு இல்லாததையும், இன்னொருவரின் கதையைச் சேர்த்ததையும், கட்டுரையில் பொய் சொன்னதையும், குகதாசன் எதையும் மாற்றிச் சொல்லவில்லை என்பதையும் எழுதினேன். சுகிர்தாவுக்கும், இதழுக்கும், ஃபியோனாவுக்கும் அனுப்பினேன். வேலை போகும் என்று எதிர்பார்த்து மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

இதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரையின் அடிப்படை வாதம் பாதிக்கப்படவில்லை என்பதால் இரண்டு வரியில் ஒரு திருத்தக் குறிப்பு போடுவார்களாம். ஃபியோனா என்னை அழைத்து, இது துணிச்சலான செயல் என்றார். ஆய்வு முறையின் இடர்களைப் பற்றி இதையே ஒரு கட்டுரையாக எழுதலாம் என்று யோசனை சொன்னார்.

நான் அவ்வளவு பயந்தது இவ்வளவுக்குத்தான். அக்டோபரிலும் இதே இரண்டு வரிதான் போட்டிருப்பார்கள்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பகவதி என்னைக் கேட்காமலே குகதாசனைச் சாப்பிட அழைத்திருந்தாள். புதிய ஆதாரம் கிடைத்திருப்பதாக என் கடிதத்தை வைத்துச் சுகிர்தா மறுபடி மனுப் போட்டிருக்கிறார். ஆனால் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதை நானே நேரில் சொல்ல வேண்டும் என்று குகதாசனிடம் சொல்லாமல் வைத்திருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பகவதி சமையலறை வாசலிலேயே நின்றாள்.

குகதாசன் இலையை மடித்தார்.

"அப்ப நான் சரியாத்தான் சொல்லியிருக்கிறன்" என்றார்.

ஆமாம் என்றேன்.

"மூண்டு மாசமா எனக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான், சேர். ஒவ்வொரு நாளும் காலமை கண்ணாடியில தோளைப் பாக்கிறது. இது வலதுதானோ எண்டு கையைத் தூக்கிப் பாக்கிறது. அம்மாவுக்குப் போன் எடுத்து, எனக்கு அண்ணன் ஒருத்தன் பிறந்து செத்தவனோ எண்டும் கேட்டிட்டன். அவ அழுதுபோட்டா."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். அது எந்தத் திசையில் என்று சொல்ல முடியாது. பிறகு கேட்டார்.

"உங்கட பேச்சு நல்லா இருந்ததோ?"

"எந்தப் பேச்சு?"

"ரெக்கோடரில எனக்கு இடம் விடாத பேச்சு."

பகவதி சிரித்துவிட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நன்றாக இருந்தது என்று நினைத்தேன், இப்போது அப்படித் தோன்றவில்லை என்றேன். "அதை ஒருக்கா எனக்கும் அனுப்புங்கோ. என்ர நாற்பது நிமிசம் எதில போச்சுது எண்டு கேப்பம்" என்றார் குகதாசன். போகும்போது பகவதியிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொன்னார்.

பிப்ரவரி 6, வியாழன்

மனு நிராகரிக்கப்பட்டது. சுகிர்தா அழைக்கவில்லை, கடிதத்தின் படியை மட்டும் அனுப்பினார். பன்னிரண்டாம் பத்தி: 'கட்டுரையாசிரியர் இரண்டு கடிதங்கள் எழுதியுள்ளார். முதலாவதில் கட்டுரை துறையின் மரபுப்படி எழுதப்பட்டது என்கிறார். இரண்டாவதில் அது பொய்யானது என்கிறார். இவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. இரண்டாம் கடிதம் மேல்முறையீடு தோற்ற பின்னரே எழுதப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. தாம் அச்சில் பொய் எழுதியதாகத் தாமே கூறும் ஒருவரின் சொல்லுக்கு நாங்கள் குறைந்த மதிப்பே அளிக்கிறோம்.'

முரண்பாட்டைக் காரணம் காட்டி நம்ப மறுப்பதைப் பற்றி நான் முப்பத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். இந்தப் பத்தியை எதிர்த்து அதிலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்துச் சொல்ல முடியவில்லை. அவர்கள் சொல்வது சரி.

பகவதி படித்தாள். மடித்து என் பக்கமாக வைத்தாள்.

பிப்ரவரி 13, வியாழன்

வழக்கம்போல் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்திடப் போன இடத்தில் குகதாசனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பகவதி அவருக்குக் கம்பளிச் சட்டை கொண்டுபோனாள். நானும் வருகிறேன் என்றேன். "எதுக்கு?" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புதிய பேராசிரியர்கள் ஐவரையும் நூலகப் படிக்கட்டில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். நான் இடமிருந்து இரண்டாவது. இதழின் புதிய பதிப்பும் வந்தது. திருத்தக் குறிப்பு 212ஆம் பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே இருக்கிறது.

குகதாசனை ஏற்றிய விமானம் பிற்பகல் 2.20க்குக் கிளம்பியது.